கேன் தண்ணீர் குடித்த அத்தி

மணமேல்குடியில் நான் குடியிருந்தபோது கீழ் வீட்டில் ஒரு டிரைவர் இருந்தார். மஸ்கட்டில் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். ஒல்லி உடம்பு, வீட்டிலும் தேய்த்த சட்டை. எந்தப் பழத்தையும் பிட்டுப் பார்க்காமல் வாயில் வைக்கமாட்டார்.

அந்த மஸ்கட் வீட்டு அத்தி மரத்தில் ஒடித்து வந்த குச்சியைப் பெயிண்ட் வாளியில் வளர்த்தார். எங்கள் போர் தண்ணீர் உப்பு. "நமக்கு உப்புத் தண்ணி, அதுக்குக் கேன் தண்ணி" என்று அவர் மனைவி என்னிடம் முறையிடுவார்.

என்ன ரகம் என்று டிரைவருக்கே தெரியாது. இலையைப் படம் எடுத்துத் தேடினால், என் போன் தடவைக்கு ஒரு பெயர் சொன்னது.

"உள்நெறம் தெரியணும் சார். பழுக்கட்டும், அந்த மஸ்கட் வீட்டம்மாகிட்டயே காட்டிக் கேட்டுருவோம்" என்றார். அணிலுக்குப் பயந்து காய்க்கு வலை கட்டினார்.

முதல் பழம் கனிந்து தொங்கியதும் என்னைக் கூப்பிட்டு, பிட்டார். உள்ளே நல்ல சிவப்பு. வீடியோ காலில் அந்த அம்மாவிடம் காட்டினார். வெகுநேரம் அரபியில் பேசினார்கள். போனை வைத்ததும், பிஞ்சு விட்டிருந்த கிளையையே வெட்டி ஈரத்துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

"என்னங்க, இதைப் போய் வெட்டிட்டீங்க?" என்றேன்.

"அங்க மரம் பட்டுப்போச்சாம் சார். நம்ம தெரு ஆளு ஒருத்தரு நாளைக்குப் போறாரு."

"சரி, என்ன ரகமாம்?"

"அடடா, அதக் கேக்கலயே" என்றார்.

போன் பக்கத்தில்தான் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. குச்சியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.