வசனத்தை நம்பி போர் போட்டவன்

என்னைவிடப் பெரிய முட்டாளை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பைபிள் வாக்குத்தத்தத்தை நிலத்தடி நீர் ரிப்போர்ட்டாக வாசித்து, அதை நம்பி போர்வெல் போட்டவன் நான்!

புத்தாண்டுப் பூசை முடிந்ததும் எங்கள் கோயிலில் ஒரு தட்டில் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்கலாம். கடவுள் அந்த வருஷத்துக்கு நமக்குத் தரும் வாக்கு அதில் இருக்கும் என்பது நம்பிக்கை. எனக்கு வந்தது, வறண்ட நிலத்தில் ஊற்றுகளைத் திறப்பேன் என்ற மாதிரி ஒரு வசனம்.

அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டு போர் வற்றிப்போயிருந்த நேரம். மனைவி ஸ்டெல்லா மூட்டு வலியோடு தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கிக்கொண்டிருந்தாள். நான்? கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

இதைவிடத் தெளிவாக ஆண்டவர் எப்படிச் சொல்வார்?

நீரோட்டம் பார்க்கிறவரைக் கூப்பிடலாம் என்றாள் ஸ்டெல்லா. அவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார். அவர் எதற்கு, மேலிடத்திலிருந்தே தகவல் வந்தாச்சே என்றேன். கேட்டுக்குப் பக்கத்தில் நானே கல்லை வைத்து இடம் குறித்தேன். காரணம்? அங்கேதான் வண்டி நிற்க வசதி.

திருச்செங்கோட்டிலிருந்து போர் வண்டி வந்தது. மத்தியானம் வரை பாறையைக் குடைந்தது. வந்ததெல்லாம் வெள்ளை மாவு. தெருவே பவுடர் பூசிக்கொண்டது. வண்டிக்காரர் எஞ்சினை நிறுத்தினார்.

"பொகைதானுங்க சாமி வருது. போதும், உடுங்க."

கடவுளே ஏமாற்றிவிட்டார் என்று அட்டையை நீட்டிப் புலம்பினேன். ஸ்டெல்லா நிதானமாகப் படித்தாள்.

"வறண்ட நிலம்னா நம்ம வாசல்தான்னு ஏங்க முடிவு பண்ணீங்க? பக்கத்து வீட்டு பாய்கிட்ட நீங்க பேசி எத்தனை நாளாச்சு?"

சுருக்கென்றது.

சலீம் பாய் வீட்டு போரில் தண்ணீர் வற்றியதே இல்லை. ஆனால் அவர் முருங்கை மரத்துச் சருகு எங்கள் வாசலில் விழுகிறது என்று ஒருநாள் நான் எகிறினேன். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது போய்த் தண்ணீர் கேட்பதா... நானா?

வாக்குத்தத்தம் என்பது வெளியே நடக்கப்போவதைச் சொல்லும் ஜோசியம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஒருவேளை, உள்ளே எட்டிப் பார்க்கத்தான் சொல்கிறதோ? எட்டிப் பார்த்தேன். வண்டிக்காரர் குடைந்ததைவிடக் கெட்டிப் பாறை!

மறுநாள் காலை பாய் வீட்டு கேட்டைத் தட்டினேன். மனதுக்குள் ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் காணாமல் போய், "பாய்... தண்ணி..." என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

அவர் திரும்பி உள்ளே போனார். போச்சு என்று நினைத்தேன். பெரிய ஓஸ் சுருள் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். காம்பவுண்டைத் தாண்டி எங்கள் தொட்டிவரை விட்டார். மோட்டாரைப் போட்டார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டு ஸ்டெல்லா குடத்தைக் கீழே வைத்தாள்.

ஓஸைப் பார்த்தேன். புத்தம் புதுசு. எங்கள் தொட்டிக்கு அளவெடுத்த மாதிரி நீளம்.

"எப்ப வாங்கினீங்க பாய்?"

"உங்க போர் வத்துன அன்னிக்குங்க."