கண்மலர் நேர்த்தி

என் மனைவிக்குப் பக்கவாட்டுப் பார்வை குறைந்திருப்பதை முதலில் கண்டுகொண்டவர், பந்தல்குடியில் பஸ் ஏறிய வெள்ளரிக்காய் விற்கும் பெண்தான். "யக்கா, ஒங்க பக்கத்துலதான நிக்கிறேன், தெரியலையா?" என்று கேட்டார். அதற்குள் நான் இரண்டு முறை கண்ணாடி மாற்றிக் கொடுத்திருந்தேன்.

மதுரைக் கண் மருத்துவர் ஒவ்வொரு கண்ணாக மூடச் செய்து, ஒளிப்புள்ளிகளைக் காட்டிச் சோதித்தார். இரு கண்களிலும் வெளிப்பாதி இருண்டிருந்தது. ஸ்கேனில் காரணம் தெரிந்தது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி வளர்ந்து, பார்வை நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. புற்று அன்று.

மூக்கின் வழியே அதை அகற்றினார்கள். பார்வை மீண்டது, சுரப்பி மீளவில்லை. உடல் தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டை இனி ஆயுள் முழுவதும் மாத்திரையாக எடுக்க வேண்டும். "ஒரு வேளைகூட விடக் கூடாது. காய்ச்சல் வந்தா ரெண்டு மடங்கு" என்றார் மருத்துவர். வேதியியல் கற்பித்தவன் நான். விட்டால் உயிருக்கே ஆபத்து என்பது எனக்கு நன்றாகவே விளங்கியது.

பார்வை திரும்பினால் பங்குனிப் பொங்கலில் அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக அவள் நேர்ந்திருந்தாள். அன்று காலை அவளுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. மாத்திரையை நீட்டினேன்.

"வெறும் வயிறாப் போயிச் சாத்தணும். வந்து போட்டுக்கிறேன்."

"மாத்திரை சாப்பாட்டுக் கணக்குல சேராது."

"அத அம்மன்கிட்ட வந்து நீங்களே சொல்லுங்க, வாத்தியாரய்யா. பிள்ளைகளுக்குச் சொன்னது பத்தலையாக்கும்?"

சிரித்தாள். நெடுநாள் கழித்து வந்த சிரிப்பு. நான் வற்புறுத்தவில்லை.

வெயிலில் கோயில் வரிசை நகரவே இல்லை. வாந்தியெடுத்து, அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "வெயிலு ஒத்துக்கல, சோடா குடுங்க" என்றார்கள். என்ன நேர்கிறது என்பது அங்கே எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது. கூட்டத்தைக் கடந்து ஆட்டோ வெளியேறத் தாமதமாயிற்று. மருத்துவமனையில் அவர்கள் கேட்குமுன்பே மருந்தின் பெயரைச் சொன்னேன். ஊசியும் போட்டார்கள். பிற்பகலில் அவள் இறந்தாள். அவள் கையிலிருந்த கண்மலரை வரிசையில் அடுத்து நின்ற பெண் எடுத்துச் சாத்திவிட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

துக்கம் கேட்கத் திருச்சுழியிலிருந்து வந்த உறவினர்கள், "அம்மன் வாசல்லயே மயங்கிருக்காக. யாருக்குக் கெடைக்கும் இப்படி?" என்றார்கள். மைத்துனரிடம் மட்டும் மாத்திரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "அதெல்லாம் எதுக்கு மச்சான் இப்ப? சாப்பிடுங்க" என்று இலையை என் பக்கம் நகர்த்தினார்.

சாப்பிட்டேன். அதன்பின் எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளுக்கு வாய்த்தது நல்ல சாவு என்றே ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கு வெளியே நான் ஒருவன்தான் இருக்கிறேன்.