கருவாட்டுப் பந்தல் ரோஜா

குஞ்சம்மாளுக்கு ரோஜா வளர்க்கிற ஆசையெல்லாம் என்றைக்கும் இருந்ததில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது முள். கிளிஞ்சல்மேட்டில் அவள் வீட்டுக்குப் பின்னால் கருவாடு காயப்போடுகிற மணல் களம். தை பிறந்து வெயில் ஏறினால் வாளையும் நெத்திலியும் அங்கேதான் பரப்ப வேண்டும். பரப்பிவிட்டு இந்தப் பக்கம் திரும்புவதற்குள் நாய் வந்துவிடும். நாயை விரட்டினால் ஆடு வந்து மிதிக்கும். கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

எழுபத்து நான்காம் வருஷம், தீபாவளி கழிந்த வாரம். மீன்கூடையோடு காரைக்கால் டவுனில் வாடிக்கை வீடுகளைச் சுற்றி வந்தவள் அற்புதம் அம்மாள் வீட்டு வாசலில் கூடையை இறக்கினாள். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் ஊரே அந்த அம்மாளை மதாம் என்றுதான் கூப்பிடும். உள்ளே தோட்டக்காரர் மரியசூசை ரோஜாச் செடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு குச்சி நிற்கக் கூடாது என்பது அவர் சட்டம். சட்டி ரோஜாவுக்கும் அதுதான், மதில் ஓரத்துக் கொடி ரோஜாவுக்கும் அதுதான். சட்டி ரோஜாக்கள் பூத்துத் தள்ளின. மதாமின் கணவர் எந்தக் காலத்திலோ கப்பலில் கொண்டுவந்து வைத்த அந்தக் கொடி மட்டும், அவர் கண்ணை மூடியபின் ஒரு பூக்கூடப் பூக்கவில்லை. அவருக்குப் பிறகு வேலைக்கு வந்த மரியசூசை அதன் பூவைப் பார்த்ததே இல்லை. ஏன் பூக்கவில்லை என்று யோசித்ததும் இல்லை.

“சூசை அண்ணே, இந்த முள்ளையெல்லாம் என்ன பண்ணப் போறீங்க?”

“குப்பையில கொட்டத்தான். ஒனக்கு எதுக்கு?”

“நாய்க்கு.”

மரியசூசை ஒன்றும் புரியாமல் விழித்தார். குஞ்சம்மாள் கொடிக் குச்சிகளாகப் பார்த்துப் பொறுக்கிக் காலிக் கூடையில் கட்டிக்கொண்டு நடந்தாள். மழை விட்ட நேரம் பார்த்துக் களத்தைச் சுற்றிலும் ஒரு முழத்துக்கு ஒன்றாக ஊன்றினாள். அவள் கையெல்லாம் கீறல். ஆனால் நாய் ஒன்று மூக்கை நுழைத்துவிட்டு வீலென்று கத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்ததும், பட்ட பாடெல்லாம் தீர்ந்த மாதிரி இருந்தது.

மார்கழியில் பார்த்தால் பாதிக் குச்சிகள் துளிர்விட்டிருந்தன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆடு தாண்டாத வேலி, அதுவும் தானே வளர்கிற வேலி! மீன் கழுவுகிற தண்ணீரை அதன் வேரில் ஊற்றினாள். அந்த மணலில் தோண்டினால் ஊறுவது நல்ல தண்ணீர்தான், உப்புக் கிடையாது. குடலையும் செதிலையும் அங்கேயே புதைத்தாள். கத்தியை மட்டும் கிட்டவே கொண்டுபோகவில்லை. வேலியை யாராவது வெட்டிக் குட்டையாக்குவார்களா?

காக்கைக்குப் பயந்து களத்தின்மேல் மூங்கில் நட்டுப் பழைய வலையை இழுத்துக் கட்டியிருந்தாள். கொடி அந்த வலையைப் பிடித்து ஏறிவிட்டது. எழுபத்தேழில் அடித்த புயல் மூங்கிலைப் பிடுங்கி, வலையைக் கிழித்து, கொடியை மணலில் சாய்த்துப் போட்டது. வீட்டுக் கூரையைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் முதலில் நிமிர்த்தியது அந்தக் கொடியைத்தான். அன்றைக்கே அவள் புருஷன் உத்திராபதிக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இது வெறும் வேலி இல்லை என்று.

அடுத்த தையில் அது பூத்தது. களத்தில் குந்தியபடி நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தவளுக்கு என்னவோ ஒரு வாசனை. தேயிலை டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி. தலையைத் தூக்கினாள். வலைக்கண் ஒவ்வொன்றிலும் வெண்ணெய் நிறத்தில் ஒரு பூ கீழ்நோக்கித் தொங்கிற்று. முப்பதா நாற்பதா, எண்ணத் தோன்றவில்லை. அத்தனையும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. வயது நாற்பத்தைந்து ஆகிறது, இத்தனை பேர் சேர்ந்து தன்னை இப்படிப் பார்த்ததே இல்லை என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

மறுநாள் இரண்டு பூவைக் கொண்டையில் செருகிக்கொண்டு டவுனுக்குப் போனாள். அப்போது மதாம் பிரான்சில் மகள் வீட்டில் இருந்தார். வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மரியசூசை, பூவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இது ரோஜாவே இல்ல. ரோஜான்னா தல நிமிந்து நிக்கணும். இது என்ன, திருட்டு முழி முழிச்சுக்கிட்டுத் தொங்குது? ஏதோ காட்டுக்கொடி.”

“ஒங்க வீட்டு முள்ளுதாண்ணே.”

“எங்க வீட்டுக் கொடி பூக்காத சாதி. சும்மா கத அளக்காத!”

அவர் சொன்னது ஊரெல்லாம் பரவிவிட்டது. மீன் மார்க்கெட்டில் ‘என்ன குஞ்சம்மா, காட்டுக்கொடி எப்படி இருக்கு?’ என்று கேட்காத ஆள் இல்லை. போதாக்குறைக்குப் பந்தல் ஒவ்வொரு வருஷமும் அடர்ந்துகொண்டே போனது. நிழல் விழுந்த இடத்தில் கருவாடு காயாமல் நொசநொசத்தது. எழுபத்தொன்பது கார்த்திகையில் உத்திராபதி அரிவாளோடு வந்து நின்றான்.

“ரோஜாவும் இல்லையாம், ஒரு மண்ணும் இல்லையாம். இதுக்காக நான் கருவாட்டப் புழுக்க வுடணுமா? இன்னைக்கு வெட்டிப்புடறேன்.”

குஞ்சம்மாள் கொடிக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றாள். “இந்தா பாருய்யா. தை மாசம் டவுன்ல பூக்காட்சி நடக்குது. படிச்சவங்க வந்து பாப்பாங்க. அவங்க இது ரோஜா இல்லன்னு சொல்லட்டும், நானே வெட்டி அடுப்புல வைக்கிறேன். ரோஜான்னு சொல்லிட்டா நீ வாயத் தெறக்கக் கூடாது.”

“தை வரைக்குந்தான்” என்று உத்திராபதி அரிவாளைக் கூரையில் செருகினான். அந்த அரிவாள் அங்கேயே இருந்தது. அடுப்பு ஊதும்போதெல்லாம் அது அவள் கண்ணில் பட்டது.

எண்பதாம் வருஷத் தையில் கண்காட்சி. விடிந்ததும் விடியாததுமாகப் பத்துப் பூங்கொத்தை நறுக்கி, ஈரத்துணியில் சுற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்த கூடையில் வைத்துக்கொண்டு போனாள். ரோஜாவுக்கென்று போட்டிருந்த மேசையில் எல்லாரும் பாட்டிலில் ஒவ்வொரு பூவாக நிறுத்தியிருந்தார்கள். மரியசூசையின் சிவப்பு ரோஜாக்கள் சிப்பாய் மாதிரி விறைத்து நின்றன. இவளும் ஒரு பாட்டிலில் வைத்தாள். பூ பொத்தென்று தலையைக் கவிழ்த்து மேசையைப் பார்த்தது. முட்டுக் கொடுத்துப் பார்த்தாள், ஈர்க்குச்சி வைத்துக் கட்டிப் பார்த்தாள். ஊஹும்.

பெயர் எழுதுகிற இளைஞர் பேனாவை மூடிக்கொண்டார். “இது ரோஜாப் போட்டிம்மா. இதச் சேத்துக்க முடியாது.”

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடலாமா என்று நினைத்தாள். போனால் இன்றைக்குச் சாயங்காலம் பந்தல் இருக்காது. கவிழ்ந்து கிடக்கிற பூவையே பார்த்தபடி நின்றாள். களத்தில் குந்தியிருக்கும்போது தன் முகத்தைப் பார்க்கிற பூ, இங்கே ஏன் மேசையைப் பார்க்கிறது? சட்டென்று விஷயம் பிடிபட்டது. பூ தப்பில்லை, மேசைதான் தப்பு.

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். இடுப்பில் செருகியிருந்த வலைநூலை எடுத்துப் பத்துக் கொத்தையும் மேசைக்கு மேலே கண்காட்சிப் பந்தலின் மூங்கிலில் வரிசையாகக் கட்டினாள். வலை பின்னுகிற கை, ஒரு முடிச்சும் நழுவவில்லை. இளைஞர் “எறங்கும்மா, எறங்கும்மா!” என்று கத்தக் கத்தக் கடைசி முடிச்சையும் போட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

அந்த நேரம் நடுவர் கைலாசநாதன் வந்துகொண்டிருந்தார். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கூட்டமும் சத்தமும் என்னவென்று கேட்டார்.

“மேச மேல வச்சா தலையக் கவுத்துக்குதுங்கய்யா” என்றாள் குஞ்சம்மாள். “தலைக்கு மேல வச்சா நம்மளப் பாக்குது. நீங்களே கொஞ்சம் அண்ணாந்து பாருங்களேன்!”

அவர் அண்ணாந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் அண்ணாந்தார்.

“இது பழைய காலத்து ரோஜாம்மா. வளைவுலயும் தூண்லயும் ஏத்திவிடுறதுக்குன்னே உண்டாக்கினது. கீழ நடக்கிறவங்க பாக்கணும்னுதான் இப்படித் தொங்குது. நான் படத்துலதான் பாத்திருக்கேன். இந்த வெயில்ல, கடலோரத்துல, எப்படி வளத்தீங்க? எந்த மாசம் கவாத்து பண்ணுவீங்க?”

“கவாத்துன்னா என்னங்கய்யா?”

கைலாசநாதன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “அதான்! பழைய கொம்புலதான் இது நெறையப் பூக்கும். வருஷா வருஷம் வெட்டினா வெறும் குச்சிதான் மிஞ்சும்.”

மரியசூசையின் முகம் மாறியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “ஐயா, இது எங்க மதாம் வீட்டுக் கொடி. எங்க வீட்டுலேருந்துதான் இந்தம்மா குச்சி எடுத்துக்கிட்டுப் போச்சு. பரிசு மதாமுக்குத்தான் வரணும்.”

ஒரு நிமிஷத்துக்கு முன்வரை காட்டுக்கொடி! குஞ்சம்மாள் கோபத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். போன மாதம்தான் பிரான்சிலிருந்து திரும்பியிருந்த மதாம் தடியை ஊன்றிக்கொண்டு மூங்கிலுக்கு அடியில் வந்து நின்றார். மேலே பார்த்தார்.

“நுவாசெத்” என்றார் மெதுவாக. “அவர் இத அப்படித்தான் சொல்லுவாரு. அவர் போனதுக்கப்புறம் இந்தப் பூவ இன்னைக்குத்தான் பாக்குறேன்.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தோட்டக்காரர் பக்கம் திரும்பினார். “சும்மா இரு சூசை. நம்ம வீட்டுல அது குச்சி. குஞ்சம்மா வீட்டுலதான் அது ரோஜா.”

கூட்டம் கைதட்டியது. மீன் மார்க்கெட்டிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த பெண்கள் குலவையே போட்டுவிட்டார்கள். பெயர் எழுதுகிற இளைஞர் பேனாவைத் திறந்தார். முதல் பரிசு, கிளிஞ்சல்மேடு குஞ்சம்மாள். பூவின் பெயர் என்ன என்று கேட்டார். மதாம் பிரெஞ்சில் ஒன்று சொன்னார், நடுவர் லத்தீனில் ஒன்று சொன்னார். இளைஞர் எதை எழுதுவது என்று தெரியாமல் குஞ்சம்மாளைப் பார்த்தார்.

“ரோஜான்னு எழுதுங்க தம்பி” என்றாள் அவள். “நல்லாப் பெருசா எழுதுங்க.”

கூட்டத்தின் பின்னால் நின்ற உத்திராபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் கண்ணில் படாமல் வீட்டுக்கு நடந்தான். கோப்பையும் மாலையுமாக அவள் வந்து சேர்ந்தபோது, அவன் கடல் பக்கமாகப் புதுக்களத்துக்கு மணலைச் சமன்படுத்திக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து கருவாடு இருபதடி தள்ளிக் காய்ந்தது. கொடி இருந்த இடத்திலேயே இருந்தது.