பவுனுவின் வயிற்றுச் சேதி துபாய் போன கதை

ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரித்தே ஆயுளில் பாதியைக் கழித்தவள் தேவாரத்துப் பவுனு. பிள்ளைகுட்டி இல்லை. கை நடுங்கத் தொடங்கியதும் உத்தமபாளையத்து முதியோர் இல்லத்தில் தானாகவே வந்து சேர்ந்தாள். வந்ததிலிருந்து எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தாள்.

2007-ல் இல்லத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பெரியவர்களின் பிரஷர், சுகர், மற்ற நோவு விவரங்களை வாரந்தோறும் தேனி டாக்டருக்கும் அவரவர் பிள்ளைகளுக்கும் மெயிலில் அனுப்ப ஏற்பாடு. நர்ஸ் ஞானபாக்கியம் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, எல்லார் விவரத்தையும் எல்லாருக்குமே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் இல்லத்துப் பெரியவர் மீரான் மைதீனுக்கு மகன் கலீல் துபாயிலிருந்து பேசினான். அவருக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அத்தா, அங்கன பவுனும்மான்னு ஒருத்தவுக இருக்காகளாமே, அவுகளுக்கு வயிறு சரியாப் போச்சா?"

கூடம் முழுக்கக் கேட்டது. பவுனு பொங்கிவிட்டாள்.

"ஏ சிஸ்டரு! நான் வெளிக்கிப் போகலங்கிறத துபாய் வரைக்கும் தமுக்கடிச்சிட்டியா?"

சாயங்காலம் இன்னொரு பெரியவரின் மகள் முபீனா சிங்கப்பூரிலிருந்து பவுனுவையே கேட்டு வாங்கிப் பேசினாள். "பெரியம்மா, படுக்கப்போறப்ப வாழப்பழம் சாப்பிடுங்க."

பவுனுவைப் பெரியம்மா என்று கூப்பிட இதுவரை ஆளில்லை. திட்டுவதற்கென்று எடுத்துவைத்திருந்த வார்த்தைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, "சரி தாயி" என்றாள்.

டாக்டர் விஷயமறிந்து சத்தம் போட்டார். ஒருத்தர் நோவை இன்னொருத்தர் வீட்டுக்குச் சொல்லலாமா? அதன்பின் விவரங்கள் தனித்தனியே போயின. பவுனுவுக்குப் போனும் நின்றது. மணி அடிக்கும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தவள், ஒருநாள் ஆபீஸ் அறைக்குள் நுழைந்தாள்.

"எனக்கு முழங்கால் வலின்னு எல்லாருக்கும் அனுப்பு."

"வலிக்குதா?"

"வலிக்கல. எந்நேரமும் வயித்தையே சொன்னா என்ன நெனப்பாக?"

ஞானபாக்கியத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இல்லாத நோவ எழுதுனா டாக்டர் ஊசி போட்டுருவாக. நல்லாருக்கீகன்னு எழுதவா?"

"அதுக்கு எவுக போன் பண்ணுவாக?"

"அனுப்பித்தான் பாப்பமே."

பவுனு சம்மதித்ததும் ஞானபாக்கியம் தட்டினாள்: 'பவுனும்மா நலம். சாம்பாரில் உப்பில்லை என்று சமையல்காரர் சங்கிலியோடு நேற்று சண்டை.'

மறுநாளே கலீல் கூப்பிட்டான். "பெரியம்மா, சண்டையில யாரு ஜெயிச்சது?"

பவுனு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மொதல்லருந்து சொல்றேன், கேளு."