மருந்துக்கடை நோட்டில் என் பெயர்

போன வருடம் ஐப்பசி மழை நேரம். வெளிநாட்டில் லாரி ஓட்டும் வேலைக்கு எனக்கு ஆர்டர் வந்திருந்தது. ராஜபாளையத்தில் ஒரு லேபில் மெடிக்கல் டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தால் விசா. ஏழு மாதம் நாயாக அலைந்து கிடைத்த வேலை அது.

எங்கள் வீட்டில் அண்ணன் ராணுவம், மச்சான் போலீஸ். செலக்‌ஷனுக்குப் போகிறவனுக்கு எங்கள் பக்கம் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: மெடிக்கலில் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல். காய்ச்சல் வந்ததே இல்லை, கீழே விழுந்ததே இல்லை. நானும் அதே கெத்தில், 'ஏதேனும் மருந்து சாப்பிடுகிறீர்களா' என்ற இடத்தில் இல்லை என்று டிக் அடித்துவிட்டேன். நான்கு நாள் முன்புதான் பைக் வழுக்கி விலாவில் நல்ல அடி. எலும்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் தும்மினால் உயிர் போகும். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையில் கடைசி ஒன்றை அன்று காலையில்தான் விழுங்கியிருந்தேன்.

சிறுநீரை ஒரு சின்ன அட்டையில் விட்டுப் பார்த்தார்கள். வரிசையாகச் சிவப்புக் கோடுகள் வந்தன, ஒரு இடத்தைத் தவிர. கோடு வந்தால்தான் விசேஷம் என்பது கர்ப்பம் பார்க்க என் மனைவிக்கு வாங்கிய அட்டையில் நான் படித்த பாடம். அதனால் இத்தனை கோடு வந்ததே நல்ல சேதிதான் என்று நான் பாட்டுக்கு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

லேபில் வேலை பார்க்கும் பெண் தனியாகக் கூப்பிட்டார். இந்த அட்டையில் கோடு வராவிட்டால்தான் போதைப்பொருள் இருக்கலாம் என்று அர்த்தமாம். அதுவும் அபின் வகையாம். பீடிகூடத் தொடாதவன் நான்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. மாத்திரை எதுவும் சாப்ட்டியளா?"

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். சில வலி மாத்திரைகளில், சில இருமல் மருந்துகளில் கோடீன் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் அபின் குடும்பம்தான். உடம்புக்குள் போனதும் அதில் கொஞ்சம் மார்பினாக மாறிவிடும். டாக்டர் சொல்லிச் சாப்பிட்டானா, போதைக்குச் சாப்பிட்டானா என்பது அட்டைக்குத் தெரியாது. மதுரையில் பெரிய மெஷினில் பார்த்தால் எந்த மருந்து என்று பிரித்துச் சொல்லிவிடும். ஆனால் டாக்டர் கொடுத்ததுதான் என்பதற்கு மறுநாள் சாயங்காலத்துக்குள் ஆதாரம் வேண்டும்.

டாக்டர் சீட்டு சட்டைப்பையோடு துவைக்கப் போய்க் கூழாகியிருந்தது. டாக்டர் வெளியூர் போயிருந்தார், போனும் எடுக்கவில்லை. மிச்சம் இருந்தது மாத்திரை வாங்கிய கடை, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம். அங்கே போகத்தான் எனக்கு முகமில்லை.

மாத்திரை வாங்கிய அன்று அந்தக் கடைக்கார பாய் சீட்டைக் கேட்டு, பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு ஒரு தடித்த நோட்டில் எழுத ஆரம்பித்தார். இந்த வகை மாத்திரை விற்றால் எழுதியே ஆக வேண்டுமாம், அன்று எனக்கு அது தெரியாது. வலியில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாத்திரை வாங்க வந்தேனா, ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வந்தேனா என்று கத்தி, வாயில் வந்த ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வந்தவன் நான். அந்தப் பொய்ப் பெயர் பஸ்ஸில் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது. நோட்டில் அந்தப் பெயர் இருந்தால் அது எனக்கு எப்படி ஆதாரமாகும்?

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. நோட்டை விரித்து விரலை ஓட்டினார். தேதி, டாக்டர் பெயர், மாத்திரை, எத்தனை என்பது, எல்லாம் இருந்தது. முதலில் இருந்தது என் பெயர், இனிஷியலோடு.

"நீங்க கோவத்துல என்னமோ பேரு சொன்னீய. நான் சீட்டப் பாத்துல்ல எழுதுனேன்" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, கடை சீல் போட்டுக் கொடுத்தார். அன்றே லேபில் சேர்த்தேன்.

ஆறாம் நாள் அந்தப் பெண் போன் செய்தார். மெஷினில் வந்தது அந்த மாத்திரையின் மருந்து மட்டும்தானாம், லேப் டாக்டர் 'ஃபிட்' போட்டுவிட்டாராம். நடுவீட்டில் உட்கார்ந்து விலா வலிக்க வலிக்கச் சிரித்தேன். மனைவி அழுதாள்.

நான் இப்போது லாரி ஓட்டும் இந்த நாட்டில் வருடா வருடம் இதே டெஸ்ட் உண்டு. இப்போதெல்லாம் படிவத்தில் வாயு மாத்திரையைக்கூட விடாமல் எழுதிவிடுகிறேன். அன்று லேபிலும் பொய் சொன்னேன், கடையிலும் பொய் சொன்னேன். என் வாயை நம்பாத ஒரு மனிதர் அந்தக் கடையில் இருந்ததால்தான் இன்று என் வீட்டில் அடுப்பு எரிகிறது.