நோ-கோ முனையில் சந்தனம்

நான் அந்தப் பச்சை ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடந்தால் எங்கள் கம்பெனியில் பாதிப் பேருக்குத் திடீரென்று பாத்ரூம் வந்துவிடும். பச்சை ஃபைல் என்றால் உள் ஆடிட். கஞ்சிக்கோட்டில், வாளையார் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் சின்னத் தொழிற்சாலை எங்களுடையது. விமானத்துக்குள் யார் கண்ணுக்கும் படாத மூலையில் ஒயர்களைத் தாங்கி நிற்கும் அலுமினிய பிராக்கெட்டுகள் செய்கிறோம். வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆட்கள் வந்து குற்றம் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாங்களே கண்டுபிடித்துக்கொள்வதற்குத்தான் உள் ஆடிட். அதற்கு ஒரு விதி உண்டு: தன் வேலையைத் தானே ஆடிட் செய்யக் கூடாது. நான் திட்டப் பிரிவு. அதனால் வருடா வருடம் சோதனை அறை என் தலையில் விழும்.

சோதனை அறையில் வேலை பார்த்தவள் பீர்மேட்டுப் பெண். அப்பா அம்மா இன்னும் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆறு வருடமாகச் சோதனை அறையில் இருக்கிறாள், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எண் பொறித்த சின்ன ஸ்டாம்ப் ஒன்று அவள் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அவள் அளந்து பார்த்து அதைக் குத்தினால்தான் பொருள் கேட்டைத் தாண்டும். ஸ்டாம்ப் பறிபோனால் பழையபடி பிசிறு தேய்க்கிற மேஜைக்குத்தான் போக வேண்டும். அந்த மாதம் அவள் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. என் அறிக்கையைப் பார்த்துத்தான் மேனேஜர் கையெழுத்துப் போடுவார்.

ஆடிட்டில் நான் யாரிடமும் கதை கேட்பதில்லை. ஒரு ரிக்கார்டை உருவுவேன், அதில் எழுதியிருக்கும் கருவியை எடுத்துக் கையில் கொடு என்பேன். அன்று கையில் சிக்கியது முந்தின நாள் பேக் செய்து, மதியம் லாரிக்காகக் காத்திருந்த நாற்பது பிராக்கெட்டுகளின் ரிக்கார்ட். அதன் மரைத் துளைகளைப் பார்க்கும் கேஜை அவள் பெட்டியோடு எடுத்து வைத்தாள். பேனா மாதிரி இருக்கும். 'கோ' என்கிற ஒரு முனை துளைக்குள் முழுசாகப் போக வேண்டும். 'நோ-கோ' என்கிற மறுமுனை இரண்டு சுற்றுக்கு மேல் போகக் கூடாது. போனால் துளை பெரிசு, பிராக்கெட் குப்பைக்கு.

நோ-கோ முனையின் மரை இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. பல் குத்தும் குச்சியால் சுரண்டி மூக்கருகில் கொண்டுபோனேன். சந்தனம்.

"என்னண்ணே, அழுக்கா? தொடைச்சுதான வெச்சேன்" என்றாள். முகம் வெளிறிவிட்டது.

எனக்கு உள்ளே திக்கென்றது. பத்து நாள் முன்னால்தான் ஆயுத பூஜை. எல்லாக் கருவிகளையும் பெட்டியைத் திறந்து மேஜையில் அடுக்கி, பொரி சுண்டலோடு பூஜை போட்டோம். சந்தனக் கிண்ணம் என் கையில் இருந்தது. பெட்டியின் மூடிக்கு மட்டும்தான் பொட்டு வைக்க வேண்டும், கருவியைத் தொடக் கூடாது என்பது கம்பெனிக் கட்டுப்பாடு. மூடிக்கு வைத்தால் கருவிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று எனக்கு ஒரு அரிப்பு. வருடம் முழுக்க உழைக்கிறது கேஜ், பொட்டு மட்டும் பெட்டிக்கா? யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அதன் தலையிலேயே ஈரச் சந்தனத்தை அப்பினேன். பெரிய பக்திமான். கேஜின் எந்த முனை தலை, எந்த முனை கால் என்றுகூட அப்போது யோசிக்கவில்லை.

இடுக்கில் சந்தனம் அடைத்திருந்தால் நோ-கோ முனை கொஞ்சம் தடித்துவிடும். துளை பெரிதாக இருந்தாலும் உள்ளே போகாமல் முட்டி நிற்கும். தப்பான பிராக்கெட் சரியென்று பாஸாகிவிடும். பூஜைக்குப் பிறகு அந்த கேஜ் பார்த்த முதல் லாட் இந்த நாற்பதுதான்.

மேனேஜரிடம் ஓடினேன். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் லாரி என்றால் அவருக்கு வேறெதுவும் காதில் விழாது. "ஏனுங்க, வெளிநாட்டுக்காரனுக்குப் பூஜை, சந்தனம்னு எழுத முடியுங்களா? கேஜைச் சரியாத் தொடைக்கலைன்னு அந்தப் புள்ள பேர்ல போட்டு முடிச்சுப்போடுங்க. லாட்டை மறுபடி பாத்து அனுப்பிரலாம்" என்றார்.

அரை நிமிஷம் எனக்குச் சபலம் வந்தது, மறைக்க மாட்டேன். பேனா கையில் இருந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்புறம் என்மேலேயே எரிச்சல் பொங்கி, அவர்மேல் பாய்ந்தது.

"சந்தனம் வெச்சது நானுங்க சார். அவ தலைல எதுக்குங்க கட்டறது?"

"அப்ப உங்க தப்பை நீங்களே ஆடிட் பண்ணியிருக்கீங்க. இந்த ஆடிட்டே செல்லாதுங்களே."

"செல்லாட்டிப் போகட்டுங்க. லாரியை நிறுத்துங்க."

நிறுத்தினார். கேஜை பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் போட்டுக் கழுவி, சரிபார்த்து, அவளும் நானும் டிஸ்பாட்ச் அறையில் பெட்டிகளைப் பிரித்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு பிராக்கெட்டிலும் நாலு துளை. அவள் கேஜைத் திருகுவாள், நான் எழுதுவேன். முப்பது தாண்டியபோது எல்லாம் சரியாக இருக்கும் என்கிற தைரியமே வந்துவிட்டது. முப்பத்தோராவதில் நோ-கோ முனை எங்கும் முட்டாமல் சுழன்று சுழன்று அடிவரை இறங்கியது. அவள் விரலை எடுத்துக்கொண்டாள். அந்தப் பிராக்கெட்டோடு இருந்த தாளில் அவள் ஸ்டாம்ப் பளிச்சென்று தெரிந்தது.

"உன்மேல ஒண்ணுமில்ல, புள்ள. நான் வெச்ச சந்தனம். அப்படித்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.

அவள் அந்தப் பிராக்கெட்டைத் தனியாக எடுத்து வைத்தாள். "நீங்க வைக்கும்போதே பாத்தேண்ணே. வழிஞ்சு மரைக்குள்ள எறங்குச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமல்ல?"

"எப்படிண்ணே சொல்றது? நா வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. சாமிக்கு வெச்சத எடுங்கன்னு நா சொன்னா என்ன நெனைப்பீங்க எல்லாரும்? மறுநா யாரும் வாரதுக்கு முன்ன வந்து தொடைச்சேன். போயிருச்சுன்னு நெனைச்சேன். உள்ள பாக்கல."

நான் பேனாவை மூடினேன்.

"இதையும் எழுதிருங்கண்ணே" என்றாள்.

"எழுதினா ஸ்டாம்ப் போயிரும், தெரியுமல்ல?"

"தப்பானது ஒண்ணு பெட்டிக்குள்ள போயிருச்சேண்ணே." பையிலிருந்து ஸ்டாம்பை எடுத்து மேஜையில் வைத்தாள்.

எழுதினேன். பூஜையையும் எழுதினேன், அவள் சொல்லாமல் இருந்ததையும், ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுதினேன். வேறொருவர் வந்து ஆடிட்டை முதலிலிருந்து செய்தார். மீதி முப்பத்தொன்பதும் நல்லவை, போய்ச் சேர்ந்தன. அவள் மூன்று வாரம் பிசிறு தேய்த்தாள், பரீட்சை எழுதினாள், ஸ்டாம்பைத் திரும்ப வாங்கினாள். என்னை ஒரு வருடம் ஆடிட்டர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

லாரியை நிறுத்திய அன்று மாலை ஃபைலை ஒப்படைப்பதற்கு முன்னால் ஆடிட் கேள்வித்தாளை ஒருமுறை புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: தவறு ஒன்றைக் கண்டால், அது யாருடையதாக இருந்தாலும், தயங்காமல் சொல்ல முடிகிறதா என்று ஊழியரிடம் கேட்கவும். அதற்கு நேராக 'ஆம்' என்று டிக் போட்டிருந்தது, என் பேனாவால். ஆடிட் தொடங்கும் முன்பே, டீ குடித்துக்கொண்டே போட்டது. பழைய ஃபைல்களையும் எடுத்துப் பார்த்தேன். ஆறு வருடமும் 'ஆம்' என்றே போட்டிருக்கிறேன். ஒரு வருடம்கூட அவளிடம் கேட்டதில்லை.