மூலைக்குப் போன ஹெல்மெட்

அசையும் படத்தைத் திரையில் ஓட வைப்பது என் பிழைப்பு. படம் ஓடாவிட்டால் ஊரை விட்டு ஓட வேண்டியது நாம்தான் என்பது, இதே தொழிலில் மாரடிக்கும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆளைக் காணோம்

கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்த புதிது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலை வாசல் டிவியில் பாதுகாப்புப் படம் ஓட வேண்டும். அது ஒழுங்காக ஓடினால்தான் என் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லிவிட்டார். படம் சின்னதுதான்: ஒரு தொழிலாளி ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டுவார்.

இந்த மாதிரி அசையும் பட ஃபைலில் முதல் படம்தான் முழுசு. அடுத்தடுத்து வருவதெல்லாம் அசைகிற இடம் மட்டும், அதாவது கையும் ஹெல்மெட்டும், சின்னத் துண்டாக இருக்கும். நான் எழுதிய ப்ரோக்ராமோ ஒவ்வொரு துண்டையும் முழுப் படம் என்று நினைத்து, திரை அளவுக்கு இழுத்துவிட்டது. டிவி முழுக்க விரல்கள். காலை ஷிஃப்டுக்கு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். வாசல் செக்யூரிட்டி ஏழுமலை அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "இன்னா மேடம், ஹெல்மெட் போடச் சொல்லிட்டு ஆளையே காணோம்?"

ஆணி எங்கே?

இழுப்பதை நிறுத்தினேன். துண்டுகள் அதனதன் அளவில் வந்தன. ஆனால் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதும் ஃபைலிலேயே இருக்கும். என் ப்ரோக்ராம் அதைப் படிக்கவே இல்லை. எல்லாம் திரையின் மேல் மூலைக்குப் போய்விட்டன. தொழிலாளி வெறுந்தலையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார், ஹெல்மெட் மூலையில் தொங்குகிறது! வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி பார்க்க வருகிறார் என்று வேறு சொல்லிவிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி தேவநேசன் சார் படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஹெல்மெட்ட ஆணில மாட்டிட்டு நிக்கிறான். எங்க ஆளுங்க தெனம் இதத்தான்மா செய்றானுங்க, இதுக்கு எதுக்கு டிவி?"

வெள்ளிக்கிழமை

ஒருவழியாக இடத்தையும் படிக்க வைத்தேன். ஹெல்மெட் தலையில் போய் அழகாக உட்கார்ந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பெரிய அதிகாரி வந்தார். செல்போனில் பேசிக்கொண்டே டிவியைத் தாண்டி உள்ளே போய்விட்டார். பின்னாலேயே வந்த ஷிஃப்ட் ஆட்களும் தலை நிமிரவில்லை. குறை எதுவும் வரவில்லை என்று முதலாளி என் வேலையை நிரந்தரமாக்கினார். தேவநேசன் சாரிடம் சொல்லத் துள்ளிக்கொண்டு போனேன். அவர் முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது: "ரொம்ப சந்தோஷம்மா. ஆனா தப்பா ஓடினப்ப ஷிஃப்டே நின்னு பாத்துச்சு. திங்கக்கெழம மட்டும் அந்தப் பழசப் போட்டு வுட முடியுமா?"

ஒழுங்காகச் செய்த வேலையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையே என்று வருந்தாதீர்கள், நமக்குச் சம்பளம் தருவதே அதற்காகத்தான்.